கரிசல் மண்ணில், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீட்டுக்கு எந்தப் பூச்செடிகள் தாங்கும்?

ஊர்ப்பக்கம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில் எங்களுக்கு 12 சென்ட் மனையும், அதன் நடுவில் ஏறத்தாழ 1,100 சதுர அடியில் தளம் போட்ட வீடும் இருக்கின்றன. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு முறை ஊருக்குப் போவதே பெரும்பாடு. வீட்டில் 72 வயதான என் தாயார் மட்டும் இருக்கிறார். குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றும் வயதும் அல்ல, உடல்நிலையும் அல்ல. ஆனாலும் பூசைக்குப் பூ வாங்கக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய தீராத குறை.

மண் நல்ல கரிசல். மழைக்காலத்தில் காலை வைத்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது. சுற்றுச்சுவர் மூன்று பக்கம்தான் எழுப்பியிருக்கிறோம். தெருப்பக்கம் வெறும் கம்பிவேலி என்பதால் ஊர் வெள்ளாடுகள் உள்ளே வந்து போகின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுப் பண்ணையில் சொன்னபடி இட்லிப்பூ, செம்பருத்தி, ரோஜா, மல்லிகை எல்லாம் சேர்த்து 18 செடிகள் வாங்கி, பங்குனி மாதத்தில் விடுமுறை கிடைத்தபோது நட்டேன். இன்று மிஞ்சியிருப்பவை நான்கு. இட்லிப்பூ மஞ்சளாகி மஞ்சளாகிச் செத்தது. செம்பருத்தியை ஆடு தின்றது. ரோஜாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் தண்ணீர் கேட்காத, நிலைத்து நிற்கிற பூச்செடிகள் எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாற்றங்கால்:

வணக்கம். நான் சாத்தூர்ப் பக்கம் சிறிய அளவில் நாற்று வளர்த்து விற்பவன். உங்கள் இட்லிப்பூ செத்ததற்குத் தண்ணீர்க் குறைவு மட்டும் காரணம் அல்ல. கரிசல் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி. தோண்டினால் சுக்கான் கற்கள் வெள்ளை வெள்ளையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். அதனால் கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உங்கள் செடியில் அப்படித்தான் தொடங்கியிருக்கும். அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கரைத்து வேரில் ஊற்றச் சொல்லுவார்கள். கரிசலில் அதுவும் சில நாட்களில் அதே பூட்டுக்குள் போய்விடும். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும். செம்மண்ணும் செம்புறை மண்ணும் உள்ள ஊர்களில் அது தானாக வளரும். நம் ஊரில் அதோடு போராடுவது வீண்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது அரளி. செவ்வரளி, வெள்ளரளி, இளஞ்சிவப்பு எதுவானாலும் சரி. நாற்கரச் சாலைகளின் நடுத்திட்டில் டீசல் புகையிலும் தார் வெக்கையிலும் அதை நிறுத்தியிருப்பதற்குக் காரணம் உண்டு: அரளி இலையின் அடிப்புறத்தில் மூச்சுத்துளைகள் வெளியே திறந்து கிடக்காமல் மயிர் அடர்ந்த சிறு குழிகளுக்குள் ஒடுங்கியிருக்கின்றன, அனல்காற்று அவற்றை நேராகத் தீண்டுவதில்லை என்பதால் இலை இழக்கும் ஈரம் குறைவு. உப்பு நீரையும் ஓரளவு தாங்கும். சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் பூவுக்காகவே இதை வயலில் பயிரிடுகிறார்கள். கோயில் மாலைக்குப் போகும் பூ என்பதால் உங்கள் தாயாருக்கும் பயன்படும்.

அடுத்து மயில்கொன்றை. விதை போட்டாலே வரும்; வெயில் எவ்வளவுக்கு எவ்வளவோ அவ்வளவுக்குப் பூ. நந்தியாவட்டையில் அடுக்கை விட ஒற்றைப் பூவினம் வறட்சிக்குச் சற்று மேல் என்பது என் அனுபவம், ஆனால் வாரம் ஒரு முறைத் தண்ணீர் அதற்குக் கட்டாயம். காகிதப்பூவுக்கு இடம் இருந்தால் வையுங்கள். அது ஒரு வேடிக்கையான செடி. தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் இலையாகத் தள்ளும், காயப்போட்டால் பூக்கும். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணத் தாள்கள் உண்மையில் பூவைச் சுற்றிய இலைகள்தாம், நடுவில் உள்ள சிறிய வெள்ளைக் குழல்தான் பூ.

குழி 2 அடிக்கு 2 அடிக்கு 2 அடி எடுத்து, உள்ளிருக்கும் கரிசலை அகற்றிவிட்டு, ஆற்று மணலும் செம்மண்ணும் தொழுவுரமும் சம அளவில் கலந்து நிரப்பி நடுங்கள். வேர் எளிதாக ஓடும்.

மேட்டுப்பாத்தி:

நாற்றங்கால் நண்பர் செடிகளைப் பற்றிச் சொன்னவற்றோடு எனக்கு வேறுபாடு இல்லை. குழியைப் பற்றிச் சொன்னதோடு உண்டு, ஏனென்றால் அதே முறையில் நட்டு ஒரே கார்த்திகையில் ஒன்பது செடிகளை அழுகக் கொடுத்தவன் நான். கரிசலில் குழி வெட்டி மணல் கலவையை நிரப்பினால், அது களிமண் தொட்டிக்குள் மணலைக் கொட்டியதற்குச் சமம். ஐப்பசி மழை நாலாபுறமும் இருந்து அந்தக் குழிக்குள் இறங்கும். ஈரத்தில் ஊதி மூடிக்கொண்ட கரிசல் சுவர் அந்த நீரை வெளியே விடாது. மேலே மண் காய்ந்தது போலத் தெரியும், கீழே வேர் நாறிக்கொண்டிருக்கும். பிறகு கோடை வந்ததும், அந்தக் குழிக்குள்ளேயே சுற்றிப் பழகிய வேர் கரிசலுக்குள் நுழையத் தெரியாமல் தவிக்கும். மழையிலும் சாவு, வெயிலிலும் சாவு.

குழி வேண்டாம், மேடு போடுங்கள். எடுத்த கரிசலோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து, தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு, 4 அடி அகலத்துக்குக் கூட்டி, அதன் தலையில் செடியை வையுங்கள். வேர் தொடக்கத்திலிருந்தே ஊர் மண்ணில் பழகும். மழைநீர் வழிந்து ஓடிவிடும். உப்பு நீர் பாய்ச்சிச் சேரும் உப்பையும் மழைக்காலம் கழுவி இறக்கிவிடும்.

இரண்டாவது தவறு, நீங்களே எழுதியிருக்கும் அந்தப் பங்குனி. நம் பகுதிக்கு ஆண்டு மழை 650 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது; அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. புரட்டாசிக் கடைசியில், முதல் நல்ல மழை மண்ணில் இறங்கிய பின் நட்டால் செடிக்கு மூன்று மாத ஈரம் இலவசமாகக் கிடைக்கும். வறட்சி தாங்கும் செடி என்றால் வைத்த நாளிலிருந்தே தாங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பாலிதீன் பையில் தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்த நாற்றுக்கு அரளியாக இருந்தாலும் இரண்டு கோடைக்கு நாம் துணை நிற்க வேண்டும். மூன்றாம் கோடையில் அதன் பாட்டை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அந்த இரண்டு கோடைக்கான தண்ணீரை உங்கள் மொட்டை மாடியே தரும். 1,100 சதுர அடி என்பது ஏறத்தாழ 100 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். சிதறல், ஆவியானது போக 8,000 லிட்டராவது குழாய் வழியே இறங்கும். ஒரு 5,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்ப அது போதும். 20 செடிகளுக்கு வாரம் ஒரு முறை செடிக்கு 10 லிட்டர் என்றால் 200 லிட்டர். தொட்டி 25 வாரம் வரும், அதாவது தை தொடங்கி ஆனி வரை. தொட்டியிலிருந்து செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டால், உங்கள் தாயார் ஒரு வால்வைத் திறந்து, இரண்டரை மணி நேரம் கழித்து மூடினால் போதும். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவாய் அந்தக் கணக்குக்குச் சரியாக வரும். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரைச் சொட்டுநீர்க் குழாயில் விடாதீர்கள், ஓராண்டுக்குள் வாயெல்லாம் அடைத்துக்கொள்ளும்.

பிறகு மூடாக்கு. கரிசல் வெடிக்கும்போது வெறும் ஈரம் மட்டும் போவதில்லை. அந்த வெடிப்பு இழுக்கிற இழுப்பில் சல்லி வேர்கள் அறுந்துவிடுகின்றன. மேட்டின் மேல் அரை அடிக்கு உளுந்து நெற்றோ கடலைத் தோலோ மக்காச்சோளத் தட்டையோ பரப்பிவிட்டால் அந்த இடம் வெடிக்காது. உங்கள் ஊரில் இவையெல்லாம் அறுவடை முடிந்ததும் களத்து ஓரத்தில் சும்மா கிடக்கும். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

ஆவாரங்காடு:

தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இதுவரை பேசியவர்கள் நாற்றுப் பண்ணையில் கிடைக்கும் செடிகளையே பேசியிருக்கிறார்கள். தம்பி, நீங்கள் கோவில்பட்டியிலிருந்து உங்கள் ஊருக்குப் போகும் வழியில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், ஆட்டு மந்தைகள் தினம் இரண்டு முறை கடந்து போகிற ஓடைக்கரையில் மஞ்சளாகப் பூத்து நிற்பது ஆவாரை. உங்கள் கேள்வியில் உள்ள கரிசல், உப்பு நீர், ஆடு, ஆளில்லாமை ஆகிய நான்கு தேர்விலும் அது ஏற்கெனவே வென்றுவிட்டது. ஆனாலும் பண்ணையில் கேட்டால் சிரிப்பார்கள். காட்டில் கிடப்பதை விலைக்கு யார் வாங்குவார்கள்!

ஆவாரையை நாற்றாக வாங்கி நடுவதை விட விதையாக ஊன்றுவதே சிறந்தது. அதன் ஆணிவேர் பிஞ்சிலேயே ஆழத்துக்குப் போகிறது. பையில் வளர்த்தால் அந்த வேர் சுருண்டு, செடி வாழ்நாள் முழுதும் நோஞ்சானாக நிற்கும். விதைத்தோல் கடினமானது. கொதிக்க வைத்து இறக்கிய நீரில் போட்டு, இரவு முழுவதும் அப்படியே ஊற விட்டு, காலையில் பருத்திருப்பவற்றை மட்டும் எடுத்து, இடத்துக்கு மூன்று வீதம் ஊன்றுங்கள். நன்றாக வந்ததை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட, பூளைப்பூவுக்கும் வேப்பிலைக்கும் துணையாக உங்கள் வீட்டிலேயே கொத்து ஒடிக்கலாம். வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இதன் இலையில் முட்டையிடும், புழு சில இலைகளைத் தின்னும், மருந்து அடித்துவிடாதீர்கள்.

தெருப்பக்கக் கம்பிவேலியை ஒட்டி நொச்சியும் ஆடாதொடையும் மாற்றி மாற்றிக் குச்சி ஊன்றுங்கள். ஆடாதொடையின் பெயரே அதன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. நொச்சியின் வாசனையும் ஆட்டுக்கு ஆகாது. ஒன்று நீலப் பூ, மற்றொன்று வெள்ளைப் பூ. அடர்ந்த பின் கம்பிவேலி கண்ணுக்கே தெரியாது. காகிதப்பூவை வேலியில் ஏற்றலாம் என்று நினைத்திருந்தால், முள்ளைப் பொருட்படுத்தாமல் அதன் இலையை வெள்ளாடு ஆசையாக மேயும் என்பதை நினைவில் வையுங்கள். அதைச் சுவருக்கு உட்பக்கம் வைப்பதே நல்லது. முன்வாசலில் தாழ்வாக ஏதேனும் வேண்டுமென்றால் மஞ்சள் பூப் பூக்கும் செம்முள்ளி இருக்கிறது. சுவரின் கிழக்கு நிழலில், மார்கழியில் தலையில் சூட்டிக்கொள்ள டிசம்பர்ப் பூவும் குச்சியிலேயே வரும். வெள்ளெருக்கு தானாக முளைத்தால் பிடுங்க வேண்டாம், பிள்ளையாருக்கு ஆகும். அதன் பால் மட்டும் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

உண்ணிச்செடியை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். வறட்சிக்கு அதைப் போல வேறில்லை என்பது உண்மைதான்; வண்ணமும் அழகுதான். ஆனால் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டின் அடித்தளத்தையே அது மூடிக்கொண்டு, மானுக்கும் யானைக்கும் புல் இல்லாமல் செய்திருக்கிறது. மேய்ந்த மாட்டுக்கு ஈரல் கெடும். பறவை தின்று போடும் விதை உங்கள் வேலியோடு நிற்காது.

ஊர்ப்பக்கம்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பங்குனியில் நட்டதே பாதி அழிவுக்குக் காரணம் என்று இப்போது விளங்குகிறது. விடுமுறை கிடைத்தது என்பதற்காக நட்டேன், செடிக்கு அது தெரியுமா என்ன.

ஓர் ஐயம். கோடை விடுமுறைக்கு என் தங்கையின் குழந்தைகள் இருவர் (4 வயது, 7 வயது) ஒரு மாதம் அங்கேதான் இருப்பார்கள். அரளி நஞ்சு என்று தாயார் தயங்குகிறார். பக்கத்து வீட்டில் "தங்க அரளி" என்று மஞ்சள் பூச்செடி ஒன்று இருக்கிறது, அதை வைக்கலாமே என்கிறார். அது ஆபத்தில்லாததா?

ஆவாரங்காடு:

உங்கள் தாயாரின் தயக்கம் நியாயமானது. அரளியின் இலை, பூ, தண்டு, பால் அனைத்திலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு இருக்கிறது. காய்ந்த பின்னும் அது போவதில்லை என்பதால் கவாத்து செய்த குச்சிகளை அடுப்பில் வைக்கவோ எரிக்கவோ கூடாது. பசு மேயும் இடத்தில் வெட்டிப் போடவும் கூடாது.

"தங்க அரளி" என்ற பெயரில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது. அந்தப் பெயரில் இரண்டு செடிகள் விற்கின்றன. ஒன்று, இலை ஒற்றையாக, ஒடுக்கமாக, கத்தி போல் பளபளப்பாக இருக்கும். கிள்ளினால் பால் வரும். புனல் போன்ற பூ. முனை மழுங்கிய, முக்கோணச் சாயலுள்ள பச்சைக் காய் பழுத்துக் கறுக்கும். இதைப் பொன்னரளி என்றும் திருவாச்சி என்றும் சொல்வார்கள். இதன் கொட்டை கடுமையான நஞ்சு. உருட்டி விளையாடக் குழந்தைகளுக்கு ஆசை வரும் வடிவத்தில் இருப்பதால் உங்கள் வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம். மற்றொன்று, ஒரே காம்பில் இணை இணையாகச் சிற்றிலைகள், ஒவ்வொன்றின் விளிம்பும் அரம் போல. கிள்ளினால் பால் வராது. பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும். நீண்ட மெல்லிய காய் வெடித்துக் காகிதம் போன்ற விதை காற்றில் பறக்கும். சொர்ணப்பட்டி என்று சில ஊர்களில் இதற்குப் பெயர். அரளி என்பது இதற்கு ஒட்டவைத்த பெயர்தான், உறவு ஏதும் இல்லை, அந்த நஞ்சும் இல்லை. கரிசலையும் வெயிலையும் நன்றாகவே தாங்கும். ஆனால் காய் முற்றும் முன் கொத்துகளை வெட்டிவிடுங்கள். இல்லையேல் அடுத்த மழைக்கு மனை முழுவதும் அதன் கன்றுகள்தான்.

நாற்றங்கால்:

அம்மா சொன்னது முற்றிலும் சரி. குழந்தைகள் வருவது தெரியாமல் அரளியை முதலில் வைத்தேன். வாடிக்கையாளரிடம் நானே சில வேளை "தங்க அரளி" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். இனி பிரித்துச் சொல்வேன். பூசைக்குச் செவ்வரளி கட்டாயம் வேண்டுமென்றால், வீட்டின் பின்புறம் சுவரை ஒட்டி, குழந்தைகள் போகாத மூலையில் இரண்டு செடி போதும். அதில் நீலக் கண் போன்ற வட்டம் கொண்ட பெரிய பச்சைப் புழு ஒன்று வந்து இலையை மொட்டையடிக்கும். பயப்பட வேண்டாம், செடி மறுபடி துளிர்க்கும்.

குழி விவகாரத்தில், மேட்டுப்பாத்தி ஐயா சொன்ன அழுகலை நானும் பார்த்திருக்கிறேன். வடிகால் உள்ள சரிவான மனைகளில் என் முறையில் சிக்கல் வந்ததில்லை. உங்கள் மனை சமதளம் என்றால் மேடுதான் சரி.

மேட்டுப்பாத்தி:

சமதளம் இல்லாத கரிசலை நான் இன்னும் பார்க்கவில்லை, நண்பரே.

கவாத்து பற்றி ஒரு சொல். மயில்கொன்றை, சொர்ணப்பட்டி, காகிதப்பூ மூன்றும் புதிய தளிரின் நுனியில் பூப்பவை. கோடை முடிந்து ஆடிக் காற்று அடங்கியதும், ஆவணியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் மழைக்குத் தளிர்த்து, தை வரை பூக்கும். மழைக்கு நடுவே வெட்டினால் வெட்டுவாயில் அழுகல் ஏறும். நட்ட முதல் ஆண்டில் கத்தரியே வேண்டாம்.

தொட்டி வாங்கும் முன் கிணற்று நீரையும் மண்ணையும் ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கோவில்பட்டியிலேயே மானாவாரி வேளாண்மைக்கென்று ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கே கொடுப்பது என்று அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். உப்பின் அளவு தெரிந்தால், தொட்டி காலியான வாரங்களில் கிணற்று நீரை எந்தச் செடிக்கு ஊற்றலாம், எதற்கு ஊற்றவே கூடாது என்று முடிவு செய்யலாம். நந்தியாவட்டைக்கு வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஊர்ப்பக்கம்:

நேற்று தாயாரிடம் தொலைபேசியில் அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். நந்தியாவட்டை நான்கு, துவைக்கிற கல்லை ஒட்டி வேண்டும் என்கிறார்; சோப்பு நீர் அங்கே போகாமல் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். ஆவாரைக்கு மட்டும் சிரித்தார். சிறு வயதில் விறகுக்கு வெட்டிய செடியை இப்போது விதை ஊறப்போட்டு வளர்ப்பதா என்று கேட்டார். ஆனால் பேசி முடிப்பதற்குள், ஓடைக்கரையில் எந்த இடத்தில் நெற்று நன்றாக முற்றியிருக்கும் என்று அவரே சொன்னார்.

புரட்டாசி மூன்றாம் வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்றங்கால் நண்பர், நொச்சி, ஆடாதொடைக் குச்சிகள் அப்போது உங்களிடம் கிடைக்குமா? வேலி நீளம் 60 அடி. எத்தனை அடிக்கு ஒன்று வைப்பது என்றும் சொல்லுங்கள்.

நாற்றங்கால்:

ஒன்றரை அடிக்கு ஒன்று வையுங்கள். 40 குச்சி போதும், பட்டுப்போவதற்கு ஈடாகப் பத்து சேர்த்துக்கொள்ளுங்கள். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று கணுவாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும். விலைக்கு வாங்காதீர்கள். உங்கள் ஊரிலேயே ஏதாவது ஒரு வீட்டு வேலியில் இரண்டும் நிற்கும். கேட்டால் ஒடித்துத் தருவார்கள்.